எண்ணா, எழுத்தா: எக்ஸ்எம்எல் தரவுத்தளம் ஏன் தவழ்கிறது?

கேள்வி: பிப்ரவரி 9, மாலை 6.20

ஆறு லட்சம் நூற்பதிவுகளை எக்ஸ்எம்எல் வடிவில் (தரவைப் பெயரிட்ட டேக்குகளுக்குள் வைக்கும் முறை) பேஸ்எக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். குறிப்பிட்ட ஓர் ஆண்டில் வெளியான நூல்களைக் கேட்டால் விடை வரப் பதினோரு நொடி ஆகிறது. ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவகத்தை 2 ஜிபியிலிருந்து 8 ஜிபியாக உயர்த்தியும் எந்த மாற்றமும் இல்லை. எக்ஸ்எம்எல் தரவுத்தளம் என்றாலே இப்படித்தான், எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் தரவுத்தளத்துக்கு மாற்றிவிடு என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?

பிப்ரவரி 9, இரவு 10.05

நினைவகத்தை நான்கு மடங்காக்கியும் நேரம் குறையவில்லை என்பதே நல்ல தடயம். உங்கள் வினவல் இண்டெக்ஸை, அதாவது எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை, தொடாமல் ஆறு லட்சம் பதிவுகளையும் ஒன்றுவிடாமல் புரட்டிக்கொண்டிருக்கிறது. புரட்டுகிறவருக்கு மேசையைப் பெரிதாக்கிக் கொடுத்து என்ன பயன்?

வினவலை நீங்கள் இங்கே தரவில்லை, ஆகவே ஊகித்துத்தான் எழுதுகிறேன். உதாரணங்களில் டேக் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்கிறேன். 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 அதைத் தொடக்கத்திலிருந்தே அனுமதிக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. நீங்கள் அநேகமாக இப்படி எழுதியிருப்பீர்கள்:

//நூல்[ஆண்டு = 1998]

மேற்கோள் குறி இல்லாத 1998 ஓர் எண். ஸ்கீமா (மதிப்புகளின் வகையை அறிவிக்கும் விதிகள்) இல்லாத ஆவணத்தில் ஆண்டு என்ற எலிமென்ட்டின் (டேக்கும் அதன் உள்ளடக்கமும் சேர்ந்தது) மதிப்புக்கு வகை எதுவும் கிடையாது. அதை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால், எக்ஸ்எம்எல்லின் வினவல் மொழியான எக்ஸ்குவெரி முதலில் அந்த மதிப்பை எண்ணாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடும். அப்படி ஒப்பிடும்போது ‘1998’, ‘01998’, ‘1998.0’ மூன்றும் ஒன்றே. பேஸ்எக்ஸின் டெக்ஸ்ட் இண்டெக்ஸோ எழுத்துச் சரங்களைச் சரங்களாகவே வைத்திருக்கிறது. அதற்கு இவை மூன்றும் மூன்று வேறு சொற்கள். ‘1998’ என்ற சரத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தால் விடை தவறிவிடக்கூடும் என்பதால் வினவல் இயந்திரம் இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பதிவாக எடுத்து, எண்ணாக மாற்றி, ஒப்பிட்டுக்கொண்டு போகிறது. சோம்பேறித்தனமாகத் தோன்றுவது உண்மையில் அதன் நேர்மை.

1998ஐ மேற்கோள் குறிக்குள் போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால், வினவல் தகவலைக் காட்டும் பகுதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை வரி என்றால் பெரிய எழுத்து ‘வி’யைச் சேர்த்தால் போதும். தொகுப்புப் பகுதியில் டெக்ஸ்ட் இண்டெக்ஸைப் பயன்படுத்தியதாக ஒரு வரி வந்தால் இண்டெக்ஸ் வேலை செய்கிறது. அந்த வரி இல்லையென்றால், சர்வரில் எதை மாற்றினாலும் வீண்.

பிப்ரவரி 10, காலை 7.30

சொன்னதைச் சோதிக்காமல் தூக்கம் வரவில்லை. என்னிடமிருக்கும் ஒரு பழைய தொகுப்பில் இதையே செய்து பார்த்தேன். 9 நொடி எடுத்த வினவல் 2 மில்லிநொடியில் முடிந்தது. ஓர் இணை மேற்கோள் குறிக்கு இவ்வளவு பலமா என்று எனக்கே வியப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 10, காலை 11.50

வியப்பைத் திரும்பப் பெறுகிறேன். அந்த 2 மில்லிநொடியில் வந்த விடையை இப்போதுதான் திறந்து பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது. ஒன்றுமே தேடாத வினவலைவிட வேகமான வினவல் உலகில் இல்லை.

நடந்தது இதுதான். அந்தத் தொகுப்பின் ஆவணங்களில் ஓர் இயல்புப் பெயர்வெளி (எலிமென்ட் பெயர்கள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொல்லும் அடையாளம்) அறிவிக்கப்பட்டிருக்கிறது. வினவலைப் பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியபோது, மேலே இருந்த பெயர்வெளி அறிவிப்பை விட்டுவிட்டேன். பெயர்வெளி இல்லாத நூல் என்ற எலிமென்ட்டை நான் கேட்டேன். அப்படியொன்று அந்தத் தரவுத்தளத்தில் இல்லை என்பதைப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தே இயந்திரம் கண்டுகொண்டு, பிழை எதுவும் காட்டாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டது. அறிவிப்பைச் சேர்த்த பிறகு 30 மில்லிநொடி ஆனது, விடையும் சரியாக வந்தது. 9 நொடியிலிருந்து 30 மில்லிநொடி என்பது இன்னமும் பெரிய லாபம்தான், ஆனால் காலையில் எழுதிய எண்ணை யாரும் எடுத்தாள வேண்டாம்.

அவசரத்துக்கு ‘*:நூல்’ என்று எழுதி எந்தப் பெயர்வெளியானாலும் சரி என்று சொல்லலாம். ஒரே பெயர் இரண்டு பெயர்வெளிகளில் இருந்தால் இரண்டும் சேர்ந்து வரும் என்பது நினைவிருக்கட்டும்.

பிப்ரவரி 12, இரவு 9.15

மேற்கோள் குறி போட்ட பிறகும் இண்டெக்ஸ் எடுபடாத ஒரு நிலை உண்டு. அதில் நான் இரண்டு நாட்களைத் தொலைத்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்ட ஒரு தொகுப்பில், முழுத் தலைப்பைக் கொடுத்து நூலைத் தேடும் வினவல் கண் இமைக்கும் நேரத்தில் விடை தந்துகொண்டிருந்தது. ஒரு வாரத் தொடக்கத்தில் அது திடீரென்று பல நொடிகள் எடுக்க ஆரம்பித்தது. அமைப்புகளை யாரும் தொடவில்லை. இண்டெக்ஸ் இருக்கிறது, புதுப்பிக்கப்பட்டும் இருக்கிறது என்று தரவுத்தளமே சொல்கிறது. வினவலில் ஓர் எழுத்தும் மாறவில்லை:

//நூல்[தலைப்பு = $தேடல்]

தொகுப்புத் தகவலைப் பார்த்தால் இண்டெக்ஸ் பற்றிய வரி மட்டும் காணாமல் போயிருந்தது. முதல் நாள் முழுவதும் வன்தட்டைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் நாள் வேறு வழியில்லாமல் பேஸ்எக்ஸ் இந்த வினவலை உள்ளுக்குள் எப்படி மாற்றி எழுதுகிறது என்று படிக்க உட்கார்ந்தேன்.

டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எலிமென்ட்டுகளை அறியாது. அவற்றின் உள்ளே இருக்கும் உரைக் கணுக்களை, அதாவது டேக்குகளுக்கு இடையிலுள்ள எழுத்துத் துண்டுகளை, மட்டுமே அறியும். நாம் ‘தலைப்பு = ஏதோ’ என்று எழுதும்போது, அதைத் ‘தலைப்பின் உரைக் கணு = ஏதோ’ என்று மாற்றி எழுதினால்தான் இண்டெக்ஸைப் பயன்படுத்த முடியும். அப்படி மாற்றுவது எப்போது பாதுகாப்பானது? தலைப்பு என்ற எலிமென்ட்டுகள் அனைத்தும் உள்ளே வேறு எலிமென்ட் இல்லாத இலைகளாக இருக்கும்போது மட்டும்தான். பேஸ்எக்ஸ் தன் பாதைப் புள்ளிவிவரத்தைப் பார்த்து இதை முடிவு செய்கிறது. அந்த வார இறுதியில் ஏற்றப்பட்ட ஒரு தொகுதியில் இப்படியொரு பதிவு வந்து உட்கார்ந்திருந்தது:

<தலைப்பு>எச்<கீழ்>2</கீழ்>ஓ: நீரின் வேதியியல்</தலைப்பு>

நீரின் வாய்பாட்டில் அந்த 2ஐக் கீழிறக்கிக் காட்ட வேண்டும் என்று யாரோ அக்கறையோடு ஒரு டேக் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, எக்ஸ்எம்எல் இருப்பதே அதற்குத்தான். ஆனால் இந்தத் தலைப்பின் மதிப்பு ‘எச்2ஓ: நீரின் வேதியியல்’ என்று ஒரே சரமாக இருக்க, அதன் உரைக் கணுக்களோ மூன்று துண்டுகளாகக் கிடக்கின்றன. இண்டெக்ஸில் முழுத் தலைப்பு எங்கும் இல்லை. ஆகவே தலைப்புகள் அனைத்தும் இலைகள் என்ற உறுதி போய்விட்டது. ஒரு பதிவுக்காக லட்சக்கணக்கான பதிவுகளும் இண்டெக்ஸை இழந்தன.

குற்றவாளியைப் பிடிக்க //தலைப்பு[*] என்ற வினவல் போதும். உள்ளே எலிமென்ட் வைத்திருக்கும் தலைப்புகளை மட்டும் அது காட்டும். இதை எழுத எனக்கு ஐந்து நொடி ஆனது, எழுத வேண்டும் என்று தோன்ற இரண்டு நாள் ஆனது.

தீர்வு இரண்டு வகை. உரைக் கணுவை நாமே வெளிப்படையாகக் கேட்டால் இண்டெக்ஸ் திரும்பிவிடும், ஆனால் நீர் பற்றிய அந்த நூல் அதன் பிறகு எந்தத் தேடலிலும் அகப்படாது. அல்லது, ஏற்றும்போதே ஒவ்வொரு நூலுக்கும் டேக் நீக்கிய தலைப்பை ஓர் அட்ரிபியூட்டில் (தொடக்க டேக்குக்குள்ளேயே எழுதும் பெயரும் மதிப்பும்) எழுதி வைத்து அதைத் தேடலாம். நான் முதலாவதைச் செய்து ஓராண்டு ஓட்டினேன், பிறகு வெட்கப்பட்டு இரண்டாவதற்கு மாறினேன்.

பிப்ரவரி 13, காலை 8.00

எந்த ஆழத்தில் இருந்தாலும் தேடு என்று பொருள்படும் இரட்டைச் சாய்கோட்டை (//) அறவே தவிர்த்து, வேரிலிருந்து முழுப் பாதையையும் எழுதினால்தான் வேகம் என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். ஆவணத்தை நினைவகத்தில் ஏற்றி மரத்தை நடந்தே கடக்கும் சாதாரண எக்ஸ்பாத் (இத்தகைய பாதைகளை எழுதும் மொழி) செயலிகளுக்கு அது பொருந்தும். தரவுத்தளங்களுக்கு அப்படியே பொருந்தாது. பேஸ்எக்ஸ் தன் பாதை இண்டெக்ஸைப் பார்த்து //நூல் என்பதை எப்போதும் முழுப் பாதையாக மாற்றிக்கொள்கிறது. எக்சிஸ்ட்-டிபி என்ற இன்னொரு எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் நிலைமை இன்னும் தலைகீழ்: அதன் கட்டமைப்பு இண்டெக்ஸ் எலிமென்ட் பெயரை வைத்து நேரடியாக எடுப்பதால், குறுகிய பாதையே அங்கே நல்லது. நீண்ட பாதையின் ஒவ்வொரு படிக்கும் அது தாய்க்கணு சரியா என்று கூடுதலாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 13, காலை 8.25

மேலே ‘எப்போதும்’ என்று எழுதியதைப் ‘புள்ளிவிவரம் புதிதாக இருக்கும்போது’ என்று படிக்கவும். தரவைத் திருத்திவிட்டு ஆப்டிமைஸ் (புள்ளிவிவரத்தையும் இண்டெக்ஸ்களையும் புதுப்பிக்கும் கட்டளை) செய்யாமல் விட்டால் அந்த மாற்றம் நடக்காது.

பிப்ரவரி 14, மாலை 5.40

கேள்வி கேட்டவர் தம் வினவலை அனுப்பியிருக்கிறார். என் ஊகம் வடிவத்தில் தவறு. அவர் எழுதியிருப்பது இது:

//நூல்[நம்பர்(ஆண்டு) = 1998]

அவருடைய தரவில் ‘1998?’ என்றும் ‘சுமார் 1998’ என்றும் சில பதிவுகள் இருக்கின்றனவாம். நேரடியாக எண்ணோடு ஒப்பிட்டால் அவற்றை எண்ணாக மாற்ற முடியாமல் வினவலே பிழையோடு நின்றுவிடும் என்பதால், மாற்ற முடியாதவற்றை எண்ணல்லாத மதிப்பாக்கித் தள்ளிவிடும் நம்பர் செயற்கூற்றைப் போட்டிருக்கிறார். புத்திசாலித்தனமான வேலைதான். ஆனால் பாதையைச் சுற்றி எந்தச் செயற்கூற்றைப் போர்த்தினாலும் விளைவு ஒன்றே: இண்டெக்ஸில் இருப்பது மூல மதிப்பு, நீங்கள் கேட்பது செயற்கூறு கக்கிய மதிப்பு. சிற்றெழுத்தாக்கும் செயற்கூறு, வெற்றிடத்தைச் சீராக்கும் செயற்கூறு, துண்டாக வெட்டும் செயற்கூறு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சரத்துக்குள் சரம் இருக்கிறதா என்று பார்க்கும் கன்டெய்ன்ஸுக்கும் டெக்ஸ்ட் இண்டெக்ஸ் உதவாது; சொல் தேடல்தான் நோக்கமென்றால் முழு உரை இண்டெக்ஸை உருவாக்கி, ‘கன்டெய்ன்ஸ் டெக்ஸ்ட்’ என்ற முழு உரைத் தொடரை எழுத வேண்டும். ஒரே சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல் வந்தால் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. பெயர் வைத்தவர்கள் நம்மைச் சோதிக்கவே வைத்திருக்கிறார்கள்.

அவரை ‘ஆண்டு = மேற்கோளுக்குள் 1998’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 17, இரவு 11.10

அமைப்பு பற்றியும் கேட்டிருந்தார். பேஸ்எக்ஸில் நூற்றுக்கணக்கான விருப்பங்களைப் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் நான்கைந்துதான் உண்மையில் விளைவை மாற்றுகின்றன.

முதலாவது அப்டிண்டெக்ஸ். இயல்பாக இது அணைந்திருக்கும். அதாவது, தரவுத்தளத்தில் ஒரே ஒரு பதிவைத் திருத்தினாலும் மதிப்பு இண்டெக்ஸ்கள் காலாவதியானவையாகக் குறிக்கப்பட்டு, அடுத்த ஆப்டிமைஸ் வரை பயன்படாமல் கிடக்கும். ‘நேற்று வேகமாக இருந்தது, இன்று மெதுவாக இருக்கிறது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் போய் முடிகின்றன. நாள் முழுவதும் சிறு சிறு திருத்தங்கள் வரும் தொகுப்புக்கு இதை இயக்கித் தரவுத்தளத்தை உருவாக்குவது நல்லது. டெக்ஸ்ட், அட்ரிபியூட் இண்டெக்ஸ்கள் அப்போது கூடவே புதுப்பிக்கப்படும். முழு உரை இண்டெக்ஸ் அதில் சேராது. இரவில் ஒருமுறை மட்டும் தரவு ஏற்றப்படும் தொகுப்புக்கு இது தேவையில்லை, ஏற்றி முடித்ததும் ஆப்டிமைஸ் செய்தால் போதும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் தானாகவே முழுமையாக ஆப்டிமைஸ் செய்யும் விருப்பமும் இருக்கிறது. சிறிய தரவுத்தளத்தைத் தவிர வேறெதிலும் அதைத் தொட வேண்டாம்.

இரண்டாவது மேக்ஸ்லென். இண்டெக்ஸில் சேர்க்கப்படும் சரத்தின் அதிகபட்ச நீளம் இது, இயல்பு மதிப்பு 96. அதைவிட நீண்ட மதிப்புகள் இண்டெக்ஸில் நுழைவதே இல்லை. குறுந்தலைப்புகள் பளிச்சென்று வந்து, நெடுந்தலைப்புகள் மட்டும் தவழ்ந்தால் இதைப் பாருங்கள்.

மூன்றாவது விருப்பம் அல்ல, பூட்டு. பேஸ்எக்ஸில் ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம், எழுதுகிறவர் ஒருவர்தான். ஆனால் அந்தப் பூட்டு ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி. இதை நம்பி, நாங்கள் ஆண்டுவாரியாகத் தரவுத்தளங்களைப் பிரித்து வைத்திருந்தோம். ஒரு தரவுத்தளத்தில் எழுதும்போது மற்றவற்றைப் படிப்பவர்கள் காத்திருக்கக் கூடாது என்பதே எண்ணம். ஆனாலும் எல்லோரும் காத்திருந்தார்கள். காரணம், எழுதும் வினவலில் தரவுத்தளத்தின் பெயரை ஆண்டிலிருந்து சேர்த்துக் கட்டியிருந்தோம். வினவலை ஓட்டுவதற்கு முன்பே எதைப் பூட்டுவது என்று இயந்திரம் முடிவு செய்ய வேண்டும். பெயர் அப்போது தெரியவில்லையென்றால் எல்லாவற்றையும் பூட்டுவதைத் தவிர அதற்கு வழியில்லை. பெயரை வினவலில் நேரடியாக எழுதும்படி மாற்றிய அன்று காத்திருப்பு நின்றது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல், கோப்புறையை ஒரே கட்டளையில் கொடுத்துத் தரவுத்தளத்தை உருவாக்குங்கள். ஒரு வினவலில் செய்யும் திருத்தங்கள் அனைத்தும் அந்த வினவலின் முடிவில்தான் மொத்தமாக நடைமுறைக்கு வரும் என்பதால், லட்சம் திருத்தங்களை ஒரே வினவலில் அடைத்தால் நினைவகம் திணறும். பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரிப்பது என் வழக்கம்.

பிப்ரவரி 20, காலை 9.30

எக்சிஸ்ட்-டிபி பயன்படுத்துகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. அங்கே கட்டமைப்பு இண்டெக்ஸ் தானாகவே உருவாகும், ஆனால் மதிப்புகளுக்கான ரேஞ்ச் இண்டெக்ஸையும் லூசீன் என்ற தேடல் மென்பொருள் வழியான முழு உரை இண்டெக்ஸையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்கான அமைப்புக் கோப்பு, தரவு இருக்கும் இடத்தில் இருக்காது. அமைப்புத் தொகுப்புக்கு உள்ளே, தரவின் பாதையை அப்படியே பிரதியெடுத்த ஒரு நிழல் பாதையில் இருக்க வேண்டும். பாதையில் ஓர் எழுத்து பிசகினால் எச்சரிக்கை எதுவும் வராது, இண்டெக்ஸும் வராது. ‘நூல்கள்’ என்பதற்குப் பதில் ‘நூல்கள’ என்று புள்ளி விட்டுப்போன கோப்புறை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஒரு மதியத்தைக் கழித்ததுண்டு.

சரியான இடத்தில் வைத்தாலும், ஏற்கெனவே ஏற்றிய ஆவணங்களுக்கு அது தானாகப் பொருந்தாது. மறுஇண்டெக்ஸ் செய்யச் சொல்ல வேண்டும். இதிலுள்ள ஒரு நன்மை, ரேஞ்ச் இண்டெக்ஸுக்கு வகை சொல்லலாம்: ஆண்டு முழு எண், நாள் தேதி என்று அறிவித்துவிட்டால் எண்ணை எண்ணாகவே தேட முடிகிறது. முதல் குறிப்பில் நான் சொன்ன மேற்கோள் குறி வைத்தியத்தை இங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்தால் நேர்மாறாக முடியும், ஏனெனில் அறிவித்த வகையோடு ஒப்பிடும் வகை பொருந்த வேண்டும்.

பிப்ரவரி 21, இரவு 8.50

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ‘கொடி’ என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறியாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. நீளத்தைக் கேட்டால் ஒன்று 4 என்றும் மற்றது 5 என்றும் சொல்லும். ஒப்பீட்டுக்கும் இண்டெக்ஸுக்கும் அவை வேறு வேறு சொற்கள். பல இடங்களிலிருந்து வந்த கோப்புகளைச் சேர்க்கும்போது, யூனிகோடைச் சீராக்கும் செயற்கூற்றை ஏற்றும் கட்டத்திலேயே ஒருமுறை ஓட்டிவிடுங்கள். தேடுகிறவர் தட்டும் சொல்லையும் அதே வழியாக அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சீராக்கினால் நிலைமை முன்பைவிட மோசமாகும். நான் அதையும் செய்து பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 25, மாலை 4.15

முதல் குறிப்பில் மேசை உவமை சொல்லி நினைவகத்தைக் கொஞ்சம் அலட்சியமாகப் பேசிவிட்டேன். இண்டெக்ஸ் எடுபடாத வினவலுக்கு அது சரி. ஆனால் ஆயிரக்கணக்கான நூல்களை வரிசைப்படுத்தி அதில் முதல் இருபதை மட்டும் காட்டும் வினவலுக்கு, இருபது போதும் என்றாலும் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிய பிறகுதான் இருபது எவை என்றே தெரியும். அங்கே நினைவகம் பேசும். அடுக்குவதற்குத் தேவையான மதிப்பையும் பதிவு எண்ணையும் மட்டும் எடுத்து வரிசைப்படுத்தி, கடைசியில் அந்த இருபது பதிவுகளை மட்டும் கட்டி வெளியிடுவது நல்லது. வரிசைக்கு முன்பே ஒவ்வொரு நூலுக்கும் புதிய எலிமென்ட் மரம் ஒன்றைக் கட்டினால், பார்க்கப்போகாத பக்கங்களுக்கும் சேர்த்து உழைக்கிறோம்.

கூட்டுவதற்கும் அளவு உண்டு. ஜாவாவின் ஹீப் (அதற்கு ஒதுக்கிய நினைவகம்) சுமார் 32 ஜிபியைத் தாண்டியதும் நினைவகச் சுட்டுகளைச் சுருக்கி வைக்கும் வசதி போய்விடும். 31 ஜிபியில் அடங்கியது 34 ஜிபியில் அடங்காமல் போகலாம். இயந்திரத்தின் நினைவகம் முழுவதையும் ஹீப்புக்கே கொடுத்தால், கோப்புகளைக் கேச்சில் வைத்திருக்க இயங்குதளத்துக்கு எதுவும் மிஞ்சாது. எக்சிஸ்ட்-டிபியில் பக்கக் கேச்சுக்கென்று தனி அளவு உண்டு, அதற்கு ஹீப்பில் பாதிக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பிப்ரவரி 28, காலை 7.05

வினவல் வேகமாக இருந்தும் ஏற்றுவது மட்டும் காரணமில்லாமல் மெதுவாக இருக்கிறதா? ஆவணத்தின் தலையில் உள்ள டிடிடி (ஆவண அமைப்பின் விதிகளைச் சொல்லும் கோப்பு) முகவரியைப் பாருங்கள். எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் சில பார்சர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் அந்த முகவரிக்குப் போய் டிடிடியை இறக்கிக்கொண்டு வரும். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி தன் தளத்திலிருந்து இப்படி இறக்கப்படும் டிடிடிகளுக்காக நாளொன்றுக்கு 13 கோடி வரை வேண்டுகோள்கள் வருவதாக 2008இல் நொந்து எழுதியது. அந்தக் கூட்டத்தில் என் நிரலும் சிறிது காலம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உள்ளூரில் ஒரு கேட்டலாக் (அந்த முகவரிகளுக்கு ஈடான உள்ளூர்க் கோப்புகளின் பட்டியல்) வைத்து அங்கே திருப்பிவிடுங்கள், அல்லது தேவையில்லையென்றால் டிடிடி படிப்பதையே அணைத்துவிடுங்கள்.

மார்ச் 3, இரவு 9.45

நூலையும் ஆசிரியரையும் இணைக்கும் வினவல் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் பட்டியல் முழுவதையும் துழாவும்படி எழுதினால், ஆயிரம் நூலுக்கு ஆயிரம் துழாவல். அட்ரிபியூட் இண்டெக்ஸ் எடுபட்டால் கவலையில்லை. எடுபடாத நிலையில், எக்ஸ்குவெரி 3.1இல் வந்த மேப்பை (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை உடனே தரும் அமைப்பு) பயன்படுத்தி ஆசிரியர்களை எண்வாரியாக ஒருமுறை அடுக்கிவிட்டு, பிறகு நூல்களை ஓட்டுங்கள். பழைய கையேடுகளை வைத்துப் படித்தவர்கள் பலர் இந்த வசதி இருப்பதையே கவனிப்பதில்லை.

வேகத்துக்குத் தொடர்பில்லாத, ஆனால் வேகமாகத் தவறான விடை தரும் ஒரு பொறியும் உண்டு. ‘ஆசிரியர் != ஒருவர் பெயர்’ என்று எழுதினால், அவரல்லாத ஆசிரியர் ஒருவராவது இருக்கும் நூல்கள் அனைத்தும் வரும்; அவரும் இன்னொருவரும் சேர்ந்து எழுதிய நூலும் வரும். ஆசிரியரே குறிக்கப்படாத நூல் வராது. அவர் எழுதாத நூல்கள் வேண்டுமென்றால், சமம் என்பதை ‘நாட்’ செயற்கூற்றுக்குள் போட வேண்டும்.

மார்ச் 6, காலை 10.20

தொடர்புசார் தரவுத்தளத்துக்கு மாறலாமா என்ற முதல் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. ஒவ்வொரு பதிவும் ஒரே அச்சில் வார்த்த பத்துப் புலங்கள்தான் என்றால் மாறிவிடுங்கள், அதை எக்ஸ்எம்எல்லில் வைத்ததே வீண் வேலை. நூலுக்குள் இயல், இயலுக்குள் அடிக்குறிப்பு, அடிக்குறிப்புக்குள் மேற்கோள் என்று ஆழமும் வடிவமும் மாறிக்கொண்டே இருந்தால் மாற வேண்டாம்.

பாதி வழியில் நிற்பதும் முடியும், ஆனால் அங்கேயும் இதே பாடத்தைத்தான் படிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தொடர்புசார் தரவுத்தளத்தில் எக்ஸ்எம்எல் வகைக்கு ஒப்பீட்டுக் குறிகளே கிடையாது என்பதால் அந்த நெடுவரிசைக்கு நேரடியாக இண்டெக்ஸ் போட முடியாது. எக்ஸ்பாத் விடையைச் சரமாக்கி அந்தக் கோவைக்கு இண்டெக்ஸ் போட வேண்டும், எக்ஸ்பாத்தும் 1.0 மட்டுமே. இன்னொன்றான எஸ்க்யூஎல் சர்வரில் முதன்மை எக்ஸ்எம்எல் இண்டெக்ஸும் அதன் மேல் பாதை, மதிப்பு, பண்பு என்று மூன்று துணை இண்டெக்ஸ்களும் உண்டு. எங்கே போனாலும் வினவலின் வடிவமும் இண்டெக்ஸின் வடிவமும் கைகோக்கவில்லையென்றால் பதினோரு நொடிதான்.

மார்ச் 9, இரவு 10.30

கேள்வி கேட்டவரிடமிருந்து சேதி. மேற்கோள் குறி போட்ட வினவல் 40 மில்லிநொடியில் முடிகிறதாம். ஆனால் அவர் என்னைவிடக் கவனமானவர், எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பழைய வினவல் 2,114 நூல்களைத் தந்தது. புதியது 2,097 நூல்களைத்தான் தருகிறது. பதினேழு நூல்களைக் காணவில்லை.

இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், ‘1998.0’ பற்றி எழுதிய கையே அதன் விளைவை எழுதாமல் விட்டது. பதினேழையும் பட்டியலிட்டு அனுப்பியிருக்கிறார். பதினான்கில் ஆண்டுக்குப் பின்னால் ஒரு வெற்றிடமோ வரிமாற்றமோ ஒட்டியிருக்கிறது. எண்ணாக மாற்றும்போது அது உதிர்ந்துவிடும், சரமாக ஒப்பிடும்போது உதிராது. மீதி மூன்றில் ‘1998.0’ என்றே இருக்கிறது, விரிதாளிலிருந்து இறங்கியவையாம்.

வினவலில் மறுபடி செயற்கூறு எதையும் போர்த்த வேண்டாம், ஏற்றும்போதே சீராக்கிய ஆண்டை ஒவ்வொரு நூலிலும் ஓர் அட்ரிபியூட்டாக எழுதி, அதற்கு அட்ரிபியூட் இண்டெக்ஸ் போடுங்கள் என்று எழுதினேன். மூலத்தில் உள்ள ஆண்டு எலிமென்ட்டைத் தொட வேண்டாம் என்றும் சொன்னேன், ஏனெனில் ‘1998?’ என்று எழுதியவருக்கு அந்தக் கேள்விக்குறி தேவையாக இருந்திருக்கும்.

மார்ச் 10, காலை 6.50

இரவோடு இரவாக முடித்துவிட்டார். விடை 2,115 வருகிறது, 2,114 அல்ல, ஒன்று அதிகம். சீராக்கும் செயற்கூற்றில் எதற்கும் இருக்கட்டும் என்று தமிழ் எண்களை மாற்றும் வரி ஒன்றையும் சேர்த்திருக்கிறார். ஒரு நூலின் ஆண்டு ‘௧௯௯௮’ என்று பதிவாகியிருக்கிறது. நம்பர் செயற்கூறு அதை எண்ணாகவே ஏற்காது என்பதால், பதினோரு நொடி ஓடிய பழைய வினவலிலும் அந்த நூல் ஒருநாளும் வந்ததில்லை.